ஷெட்யூலுக்கு எட்டு நாள் லீவு

“எடுக்க மாட்டேன்னா எடுக்க மாட்டேன். போட்டது போட்டதுதான்.”

“யாரைக் கேட்டுப் போட்ட? அதை மட்டும் சொல்லு. யாரைக் கேட்டு?”

“லீவு போடறதுக்கு யாரைக் கேக்கணும்? உன்னையா, உன் பொண்டாட்டியையா?”

“அண்ணனும் தங்கச்சியும் அடிச்சுக்கோங்க. நடுவுல என்னை இழுக்காதீங்க,” என்றாள் அண்ணி சமையலறையிலிருந்து. சொன்ன குரல் மட்டும் மற்ற இரண்டு குரல்களைவிட ஒரு படி மேலே இருந்தது.

திங்கட்கிழமை காலை எட்டே முக்கால். ஐந்தாவது மாடி வலப்பக்க வீட்டில் பேசினால், சமையலறைகளுக்கு நடுவே இறங்கும் காற்றுக் குழாய் வழியாகத் தரைத்தளம் வரைக்கும் பங்கு கிடைக்கும். எதிர்வீட்டுத் தையல்காரம்மா மிஷினை நிறுத்திவிட்டாள். ஒட்டுக்கேட்பது அவளுக்குப் பிடிக்காது. ஆனால் நூல் அறுந்து போனால் மிஷின் நிற்கத்தானே செய்யும். அன்று காலை மட்டும் ஐந்து முறை அறுந்தது.

சண்டை ஒரு வரியைப் பற்றியது. அந்த வீட்டு அண்ணன், லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் ஏரியா மேனேஜர். கட்டடத்தில் அவருக்குப் பெயரே ஏரியாதான். தங்கைக்கும் அதே கம்பெனியில் வேலை. முந்நூறு கட்டடங்களில் எந்த லிஃப்ட் எப்போது மக்கர் பண்ணினாலும் எந்த மெக்கானிக் எங்கே ஓட வேண்டும் என்று பார்த்து அனுப்புகிறவள் அவள். அதனால் அவள் ஷெட்யூல். வயது முப்பத்தொன்பது. கல்யாணம் ஆகவில்லை. உள்ளறையில் இஸ்திரி மேஜைக்கும் பழைய பீரோவுக்கும் நடுவே ஒரு கம்ப்யூட்டர், அதற்கு முன்னால் ஒரு நாற்காலி, அதில் அவள். பதினொரு வருஷத்துக்கு முன்னால் வேலை வாங்கிக் கொடுத்தது அண்ணன்தான். அவரும் அதை மறக்கவில்லை, அவளையும் மறக்க விடவில்லை.

அன்று காலை எட்டு இருபதுக்கு ஷெட்யூல் ஆபீஸ் ஆப்பைத் திறந்து, தன் பெயருக்குக் கீழே முதல்முறையாக ஒரு லீவு மெசேஜ் எழுதினாள். ‘புதன் முதல் அடுத்த புதன் வரை விடுப்பில் இருக்கிறேன்.’ எழுதினால் எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான். பார்த்துவிட்டு அழித்துவிடலாம், அண்ணன் சாப்பிட்டு முடித்ததும் பக்குவமாகச் சொல்லலாம், பிறகு முறையாகப் போடலாம் என்பது திட்டம். ஆப்புக்குப் பக்குவம் தெரியாது. அவள் பெயர் பக்கத்தில் இருந்த பச்சைப் புள்ளி மறைந்து ஒரு குட்டிப் பெட்டி முளைத்தது. முளைத்த நான்காவது நிமிஷம் பதினோரு பேர் அழுகிற முகம் அனுப்பியிருந்தார்கள். ஒருவன் ‘அக்கா, ஆஸ்பத்திரியா?’ என்று கேட்டிருந்தான். இன்னொருவன் ‘அக்காவுக்குக் கல்யாணமா?’ என்று கேட்டு, அது ஜோக் என்று யாருக்காவது புரியாமல் போய்விடுமோ என்று பக்கத்திலேயே மூன்று சிரிக்கிற முகங்களையும் வைத்திருந்தான்.

அந்த மூன்று முகங்களைப் பார்த்த பிறகுதான் ஷெட்யூல், அழிக்கப் போன விரலை எடுத்துக்கொண்டாள்.

ஹாலில் ஏரியா ஒரு கன்னம் மழித்து, ஒரு கன்னம் நுரையோடு, போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். “எங்க போற எட்டு நாள்?”

“ஃப்ரெண்டு வீட்டுக்கு.”

“உனக்கேது ஃப்ரெண்டு?”

அண்ணன் இதைக் குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே சந்தேகம் வந்து கேட்டார். அதுதான் அவளுக்கு எரிந்தது.

“சரி, போ,” என்றார் கடைசியில், மிச்ச நுரையைத் துடைத்தபடி. “நான் எதுக்குக் குறுக்க நிக்கணும்? நாளைக்குச் சாயந்திரம் ஆறு மணிக்குள்ள ஒரு பேக்கப் காட்டு. காட்டினா தாராளமா போ. காட்டலன்னா சிஸ்டமே உன் மெசேஜை அழிச்சுடும். எனக்கு வேலையே இல்ல.”

சொன்ன தைரியத்துக்குக் காரணம் உண்டு. அந்தக் கம்பெனியில் யார் லீவு மெசேஜ் போட்டாலும், நான் இல்லாதபோது இன்னாரைப் பாருங்கள் என்று ஒரு பெயர் கொடுக்க வேண்டும். அதுதான் பேக்கப். அந்த இன்னார் தன் ஆப்பில் ‘சரி’ என்று அழுத்த வேண்டும். அழுத்தினால் மெசேஜுக்கு ஒரு டிக் விழும். விழாவிட்டால் லீவு ரத்து. ஆறு வருஷமாக அந்த ஆபீஸில் யார் லீவு போட்டாலும் அந்த இன்னார் ஷெட்யூல்தான். சேல்ஸ்காரர் மாமனார் வீட்டுக்குப் போனால் ‘அவசரத்துக்கு அக்கா’. கம்ப்ளெய்ண்ட் பிரிவுத் தம்பிக்கு இடுப்புப் பிடித்தால் ‘அவசரத்துக்கு அக்கா’. வீட்டோடு இருக்கிறாள், புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, உனக்கென்னக்கா, ஃப்ரீ. கேட்டவர்களுக்கெல்லாம் அவள் ‘சரி’ அழுத்தினாள். அந்தப் பொத்தானுக்குப் பக்கத்தில் ‘முடியாது’ என்று வேறொரு பொத்தானும் கிடையாது. ‘பிறகு பார்க்கிறேன்’ என்று ஒன்றுதான் இருந்தது.

ஆபீஸுக்குத்தான் இப்படி என்றில்லை. அண்ணன் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் படிவத்தில் ‘அவசரத் தொடர்பு’ என்ற கட்டத்தில் அத்தையின் நம்பர். தண்ணீர் கேன்காரருக்கும், பார்சல் கொண்டுவருகிறவருக்கும், சிலிண்டர் போடுகிறவருக்கும் அண்ணி கொடுத்து வைத்திருந்தது நாத்தனார் நம்பர். அண்ணி கடைக்குப் போகும்போது அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டுப் போவாள்: “அவ இருக்கா, பாத்துப்பா.” அவள் இருந்தாள். பார்த்துக்கொண்டாள்.

எட்டு நாளில் அவளுக்கு நிஜமாகத் தேவைப்பட்டது ஒரே ஒரு நாள். வியாழக்கிழமை, காலை பதினொன்றரை. பஸ்ஸில் ஐந்து மணி நேரம் தள்ளியிருக்கும் ஓர் ஊரின் பதிவு அலுவலகத்தில் அந்த நேரத்துக்கு இரண்டு பெயர்கள் எழுதிக் கொடுத்தாயிற்று. ஒன்று அவளுடையது. மற்றது ஸ்பேனருடையது.

ஸ்பேனர் அந்தக் கம்பெனியில் மெக்கானிக்காக இருந்தவர். நாற்பத்திரண்டு வயது, தலையில் பாதி மைதானம். போன வருஷம் ஏரியாவோடு ஏதோ வாய்த்தகராறாகி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியூரில் ஒரு ஆஸ்பத்திரி லிஃப்டுகளைப் பார்த்துக்கொள்ளப் போய்விட்டார். அவரும் ஷெட்யூலும் நேரில் பார்த்தது மொத்தம் நான்கு தடவை. ஆனால் ஆறு வருஷம், நாளைக்கு எட்டு தடவை, போனில். “எங்க இருக்கீங்க?” “லிஃப்ட் மேல.” “சாப்டீங்களா?” “லிஃப்ட் கீழ போனதும்.” இப்படியே வளர்ந்தது. ஒருநாள் அவர் கேட்டார்: “இத்தனை பேருக்கு ஆள் அனுப்பறீங்களே, எனக்கு ஒரு ஆள் அனுப்பக் கூடாதா?” அவள் பழக்கதோஷத்தில் “எந்த பில்டிங்?” என்று கேட்டுவிட்டு, அரை மணி நேரம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டுச் சரி என்றாள்.

அண்ணனிடம் சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்ல மாட்டார். “இப்ப என்ன அவசரம்? பசங்க பரீட்சை முடியட்டும்,” என்பார். பரீட்சை முடிந்தால் அண்ணியின் முழங்கால். முழங்கால் தேறினால் மழைக்காலம், லிஃப்டுகள் படுத்துக்கொள்ளும் காலம். இப்படியே அவளுக்கு அறுபது வயது ஆகிவிடும், யாருமே எதையுமே மறுத்திருக்க மாட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை முழுக்க ஆள் தேடினாள்.

கம்ப்ளெய்ண்ட் தம்பி, “அக்கா, உயிரைக் கூடக் கேளுங்க, தர்றேன். மெக்கானிக்குங்க கூடப் பேசச் சொல்லாதீங்க,” என்றான்.

சேல்ஸ்காரர் முழுதாகக் கேட்டுக்கொண்டார். “கண்டிப்பா செய்யலாம்மா, உனக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறேன்? ஆனா பாரு, நானே வியாழன் வெள்ளி லீவு. உன் பேரைத்தான் போட்டிருக்கேன். நீ இன்னும் ‘சரி’ அமுக்கலையே, மறந்துட்டியா?”

மற்றவர்கள் இந்த அளவுக்குக்கூட மெனக்கெடவில்லை. மத்தியானம் அவள் மெசேஜ் அனுப்பிய எல்லாருமே மீட்டிங்கில் இருந்தார்கள். அந்த ஆபீஸில் அப்படி ஒரு மீட்டிங் இதற்கு முன் நடந்ததில்லை.

நாலரைக்கு எச்.ஆர். பெண்ணைக் கூப்பிட்டாள். அந்தப் பெண்ணுக்கு இருபத்தாறு வயது, நல்ல மனசு, பேசும்போதே எதையாவது மென்றுகொண்டிருப்பாள்.

“காலியா விட முடியாதாம்மா?”

“விட்டா சிஸ்டம் ஏத்துக்காதுக்கா. யார் பேராவது போட்டே ஆகணும்.”

“போட்டா அவங்க ‘சரி’ சொல்ல மாட்டேங்கறாங்க.”

“ஆபீஸ்ல இருக்கறவங்கன்னா அவங்களேதான் அமுக்கணும்க்கா. லீவுல இருக்கறவங்கன்னா வேற. அவங்களுக்குப் போற ரிக்வெஸ்ட் அவங்க பேக்கப்புக்குப் போயிடும், அவங்க அமுக்கினாப் போதும்.” மென்று விழுங்கினாள். “ஆனா இப்ப யாரும் லீவுல இல்லையேக்கா. எல்லாரும் மீட்டிங்ல இருக்காங்க.”

ஒருவர் லீவில் இருந்தார். பதினாலு மாதமாக.

உதிரிபாக ஸ்டோரைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் அவர். ‘காய்ச்சல். இரண்டு நாள் விடுப்பு. அவசரத்துக்கு ஷெட்யூல் அம்மாவைப் பார்க்கவும்’ என்று ஒரு மெசேஜ் போட்டார். மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்துவிட்டார். மாலை வைத்தார்கள், மௌனம் அனுஷ்டித்தார்கள், ஸ்டோருக்கு வேறு ஆள் போட்டார்கள். மெசேஜை மட்டும் யாரும் அழிக்கவில்லை. அழிக்க வேண்டுமானால் அவர் வந்து அழிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏரியா அந்தக் கணக்கையே மூட வேண்டும். பழைய சாமான் பட்டியல் எல்லாம் அதில்தான் இருக்கிறது, கொஞ்ச நாள் கிடக்கட்டும் என்றார் ஏரியா. கிடந்தது. இன்றைக்கும் எந்தக் கட்டடத்துச் செயலாளராவது பழைய ஞாபகத்தில் கதவு ரோலர் கேட்டு அவருக்கு எழுதினால், அவருக்குக் காய்ச்சல் என்று உடனே பதில் போகும். நல்லபடியாகக் குணமாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு அவர்கள் ஷெட்யூலுக்கு எழுதுவார்கள்.

ஐந்து நாற்பதுக்கு ஷெட்யூல் உள்ளறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். பேக்கப் என்ற கட்டத்தில் பெரியவர் பெயரை எழுதி அனுப்பினாள். மறுகணம் அவள் திரையிலேயே மணி அடித்தது. ‘அவர் விடுப்பில் இருப்பதால் அவர் சார்பில் நீங்கள் ஒப்புதல் தரலாம். ஷெட்யூல் அவர்களுக்குப் பேக்கப்பாக இருக்கச் சம்மதமா?’

“மன்னிச்சுக்கோங்க சார்,” என்று வாய்க்குள் சொல்லிவிட்டு அழுத்தினாள். டிக் விழுந்தது.

ஆறு மணிக்கு ஏரியா ஹாலில் உட்கார்ந்து போனைப் பார்த்தார். டிக் இருக்கிறதா, இருக்கிறது. புருவம் மேலே போனது. “யாரு ஒத்துக்கிட்டது?”

“ஸ்டோர்ல.”

“ஸ்டோரா? பரவாயில்லையே,” என்றார் ஏரியா. புதிதாக வந்த ஸ்டோர்க்காரனுக்கு அவ்வளவு பொறுப்பு இருக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. பெயரைப் பார்க்க இன்னொரு தடவை விரலால் தட்ட வேண்டும். அவர் தட்டவில்லை.

புதன்கிழமை காலை அவள் ஒரு பையோடு இறங்கிப் போனாள். அண்ணி வாசலில் நின்று, “சிலிண்டர் வியாழக்கெழமை வரும், நீ இல்லாத நேரமா பாத்து,” என்றாள். அதுதான் வழியனுப்பு.

வியாழக்கிழமை பதினொன்று பத்து. பதிவு அலுவலகத்தின் நீள பெஞ்சில் ஷெட்யூல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஸ்பேனர், கழுத்துப் பட்டன் வரை போட்டு மூச்சுவிடச் சிரமப்பட்டுக்கொண்டு. சாட்சிக்கு ஆஸ்பத்திரி கேன்டீன்காரர் ஒருவர், வாட்ச்மேன் ஒருவர். கதவருகே பியூன். மூன்று தடவை கூப்பிடுவார், வராவிட்டால் அடுத்த ஜோடி, தவறினால் அடுத்த தேதி இருபத்து மூன்று நாள் கழித்து என்று காலையிலேயே எல்லோருக்கும் சொல்லிவிட்டார்.

போன் அதிர்ந்தது. அண்ணன்.

எடுக்காமல் இருந்திருக்கலாம். பதினொரு வருஷம் எடுத்த கை.

“எங்க இருக்க?”

“லீவுல.”

“அது தெரியுது. நான் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன்.”

“எந்த பில்டிங்?”

“நம்ம பில்டிங்தான். நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல. முக்கா மணி நேரமாச்சு.”

“ஃபேன் ஓடுதா?”

“ஓடுது, லைட்டும் எரியுது.”

“கதவைத் திறக்கப் பாக்காத.”

“எனக்கேவா சொல்ற?”

“ஏரியா மேனேஜருக்கும் அதே ரூல்தான். பட்டனை அமுக்கினியா?”

“அமுக்கினேன்மா. உனக்குத்தான் போகுது. நீ லீவுல இருக்க, ஸ்டோர் பெரியவரைப் பாக்கச் சொல்லுது. அவருக்குப் போட்டா அவருக்குக் காய்ச்சலாம், உன்னைப் பாக்கச் சொல்லுது. பதினாலு வாட்டி போட்டுட்டேன். செத்தவரு எப்படிம்மா பேக்கப் ஆவாரு? காலையிலதான் பாத்தேன், உடனே அந்தக் கணக்கை மூடச் சொல்லி எச்.ஆருக்கு எழுதிட்டு லிஃப்ட்ல ஏறினேன்.”

“மெக்கானிக் யாருக்காவது போன் பண்ண வேண்டியதுதானே?”

“ஒருத்தன் நம்பரும் எங்கிட்ட இல்ல,” என்றார் ஏரியா. “ஆபீஸ்ல எல்லாரையும் கேட்டுட்டேன். அக்காவுக்குத்தான் தெரியும்ங்கறாங்க.”

போன் வழியாகப் பின்னால் சத்தம் கேட்டது. ஐந்தாவது மாடியே லிஃப்ட் வாசலில் நின்றது போலிருக்கிறது. “தண்ணி வேணுமா சார்? வேணும்னாலும் எப்படிக் குடுக்கறது?” என்ற குரல் தையல்காரம்மாவுடையது.

ஷெட்யூல் ஆப்பைத் திறந்தாள். லீவில் இருப்பவர் யாரையும் வேலைக்கு அனுப்ப முடியாது. ‘விடுப்பை முடித்துக்கொள்ளவா?’ என்று கேட்டது. ‘ஆம்’ என்றாள். பெட்டி போய்ப் பச்சைப் புள்ளி வந்தது. அந்தப் பக்கத்து மெக்கானிக்கைப் பிடித்து அனுப்ப இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. “இருபது நிமிஷத்துல நிப்பேன்க்கா,” என்றான் அவன்.

ஆனால் பச்சைப் புள்ளியை ஊரே பார்த்துவிட்டது. ‘அக்கா வந்துட்டீங்களா’ என்று ஒன்று. ‘அப்பாடா’ என்று ஒன்று. மடை திறந்தாற்போல நாற்பத்து மூன்று மெசேஜ்கள். அதில் இரண்டு சிவப்பு, உடனே ஆள் போக வேண்டியவை. ஒன்று கிளினிக் லிஃப்ட், கதவு மூடவில்லை. இன்னொன்றில் வயதான இரண்டு பேர் தரைத்தளத்திலேயே காத்திருக்கிறார்கள். அவள் பேரில் பச்சை எரிகிறவரை அதற்கெல்லாம் பதில் அவள்தான். திரும்ப லீவு போட்டாள். பேக்கப் கேட்டது. பெரியவர் பெயரை எழுதினாள். ‘இப்படி ஒருவர் இல்லை’ என்றது. பதினாலு மாதம் தூங்கிய ஆபீஸ், அன்றைக்கென்று பார்த்து ஒரு வேலையை இரண்டு மணி நேரத்தில் முடித்திருந்தது.

ஸ்பேனர் எட்டிப் பார்த்தார். “கிளினிக்குக்கு அந்த ரெட்டைச்சுழி மெக்கானிக் பையனை அனுப்புங்க, கதவு அவன்தான் நல்லாப் பாப்பான்,” என்றார். அனுப்பினாள். அதற்குள் இன்னும் ஏழு.

பியூன் கதவைத் திறந்து, அவள் பெயரையும் ஸ்பேனரின் பெயரையும் சேர்த்து, தகப்பன் பெயர்களோடு, தெருக்கோடி வரை கேட்கிற குரலில் கூப்பிட்டார்.

போன் இன்னும் லைனில் இருந்தது. அந்தப் பக்கம் அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அது எங்க அப்பா பேராச்சே,” என்றார் ஏரியா மெதுவாக. “எங்கம்மா இருக்க நீ?”

“ரிஜிஸ்டர் ஆபீஸ்ல.”

“யாரு? அந்த ஸ்பேனரா?”

“ஆமா.”

“என்னவாம், என்னவாம்?” என்று தையல்காரம்மாவின் குரல். அதைத் தொடர்ந்து அண்ணியின் குரல்: “ஸ்பீக்கர்ல போடுங்க.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?” என்றார் ஏரியா.

“சொன்னா பரீட்சை முடியட்டும்பே.”

ஏரியா, மார்ச்சா, ஏப்ரலா என்று மனசுக்குள் கணக்குப் போட்டிருப்பார்.

பியூன் இரண்டாம் தடவை கூப்பிட்டார். கேன்டீன்காரர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். ஸ்பேனர் எழுந்தார், அவளைப் பார்த்தார், திரும்ப உட்கார்ந்தார். அவசரப்படுத்துகிற ஆள் இல்லை அவர். இவரும் காத்திருப்பார், இருபத்து மூன்று நாள், இன்னும் ஒரு இருபத்து மூன்று நாள், ஒன்றும் சொல்ல மாட்டார்.

“அண்ணா, உன் பேரைப் போடறேன்.”

“எதுல?”

“பேக்கப். உனக்கு ரிக்வெஸ்ட் வரும். சரின்னு அமுக்கு.”

“நான் ஏரியா மேனேஜர்ம்மா. எனக்கு ஷெட்யூல் பத்தியெல்லாம்...”

“தெரியாது. எனக்குத் தெரியும் உனக்குத் தெரியாதுன்னு. மெக்கானிக் நம்பர் இருபத்திரண்டும் அனுப்பிட்டேன், பாரு. யாரு எந்தப் பக்கம், யாரு எதுல கெட்டி, எல்லாம் எழுதியிருக்கு. உன்னை எடுக்க ஆள் வந்துட்டிருக்கான், அவனை நான் திருப்பியெல்லாம் அனுப்ப மாட்டேன், பயப்படாத. ஆனா நீ அமுக்கற வரைக்கும் என்னால இந்த பெஞ்சை விட்டு எழுந்திரிக்க முடியாது. இங்க இன்னும் சிவப்பு இருக்கு. நான் விட்டுட்டுப் போக மாட்டேன்னு உனக்கே தெரியும்.”

ஏரியா அந்த இருபத்திரண்டு பேரையும் வாய்க்குள் படித்துக்கொண்டிருந்தார்.

“அமுக்குங்க சார், நல்ல காரியம்,” என்றாள் தையல்காரம்மா.

“முதல்ல இவர் வெளிய வரட்டும், அப்புறம் பாக்கலாம்,” என்றாள் அண்ணி.

“வெளிய வந்தா எங்க அமுக்குவாரு? உள்ள இருக்கும்போதே அமுக்கினாத்தான் உண்டு,” என்றது மூன்றாம் மாடி வாத்தியார் குரல். அங்கே சிரிப்பு எழுந்தது.

பியூன் மூன்றாம் தடவைக்கு வாயைத் திறந்தார். அவள் திரையில் டிக் விழுந்தது.

பச்சை போய்ப் பெட்டி வந்தது. போனை ஸ்பேனரின் சட்டைப் பையில் போட்டுவிட்டு எழுந்தாள். கால் மரத்துப் போயிருந்ததால் முதல் இரண்டு அடி நொண்டினாள். கையெழுத்துப் போடும் இடத்தில், தொழில் என்ற கட்டத்துக்கு எதிரே அவள் கொஞ்சம் யோசிக்க, அலுவலர் “ஹவுஸ்வொய்ஃப்னு போடவா?” என்று கேட்டார். “இருங்க, அதுக்கும் என் பேரைத்தான் போடணுமா?” என்றாள் அவள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

இங்கே ஏரியாவை, மாட்டி ஒன்றே கால் மணி நேரம் கழித்து வெளியே எடுத்தார்கள். வெளியே வந்தவர் யாரோடும் பேசவில்லை, பேச நேரமில்லை. ஐம்பது மெசேஜ். அன்றிலிருந்து ஏழு நாள் அந்த மனிதர் உள்ளறையில் இஸ்திரி மேஜைக்கும் பீரோவுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தார். எட்டு மணிக்குக் கூப்பிட்டால் ஒன்பதே காலுக்குச் சாப்பிட வந்தார். “இதுல எப்படி இவ்ளோ வருஷம் உக்காந்தா?” என்று ஒருநாள் அண்ணியிடம் கேட்டாராம். அண்ணி, “அவளுக்கென்ன, பழக்கம்,” என்றாளாம். சிலிண்டர்க்காரன் வந்து ஆள் இல்லாமல் திரும்பிப் போனது தனிக்கதை.

அந்த ஊரில் ஷெட்யூலும் ஸ்பேனரும் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இரண்டு அறை வீடு பிடித்தார்கள். பால்கனி கிடையாது, ஆனால் ஜன்னல் பெரிசு. பீரோவை அவள் அந்த ஜன்னலிலிருந்து ரொம்பத் தள்ளி வைத்தாள். கையெழுத்துப் போட்ட பிறகு எட்டாம் நாள் வரை போனைத் தொடவில்லை. இரண்டாம் நாள் இரவு முழுக்க, தூக்கத்தில் அவள் கட்டைவிரல் மட்டும் அசைந்துகொண்டே இருந்ததாக ஸ்பேனர் சொன்னார்.

ஒன்பதாம் நாள் காலை ஒன்பது மணிக்கு லீவு முடிகிறது. வேலையை விடுவதா தொடர்வதா என்று இருவரும் பேசி, வீட்டிலிருந்து செய்கிற வேலைதானே, எந்த வீடாயிருந்தால் என்ன, கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று முடிவாகியிருந்தது. சரியாக ஒன்பதுக்குக் கம்ப்யூட்டரைத் திறந்து மெசேஜை அழித்தாள். பச்சைப் புள்ளி வந்த மறுநொடியே ஒன்று வந்தது.

‘ஏரியா மேனேஜர் ஐந்து நாள் விடுப்பில் செல்கிறார். இடுப்பு வலி. அவருக்குப் பேக்கப்பாக இருக்கச் சம்மதமா?’

ஸ்பேனர் வேலைக்குக் கிளம்பி வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். “என்ன?” என்றார்.

“ஒண்ணுமில்ல. எங்கண்ணன்.”

‘பிறகு பார்க்கிறேன்’ என்று அழுத்தினாள். பத்து நிமிஷத்தில் திரும்ப வந்தது. திரும்ப அழுத்தினாள். மத்தியானம் வரை பதினேழு தடவை வந்தது. கூடவே அண்ணனிடமிருந்து தனியாக ஒரு மெசேஜ்: ‘நிமிர முடியலம்மா.’ பொய்யில்லை என்று அவளுக்குத் தெரியும். அந்த நாற்காலியை அவளுக்குத் தெரியாதா? பதினெட்டாவதுக்குச் ‘சரி’ என்றாள்.

அதன் பிறகு நடந்தது இதுதான். எச்.ஆர். பெண்ணுக்கு அந்த வருஷக் கடைசியில் கல்யாணம் நிச்சயமாகி, வேலையை விட்டுவிட்டு வெளிநாடு போய்விட்டாள். கம்ப்ளெய்ண்ட் தம்பி தையல்காரம்மாவின் பெண்ணைக் கட்டிக்கொண்டான். எப்படி ஆரம்பித்தது என்று கேட்டால், ஏரியாவை லிஃப்டிலிருந்து எடுத்த அன்று ஆபீஸ் சார்பில் அவன்தான் பார்க்க வந்தான் என்கிறார்கள். ஏரியாவுக்குப் பதவி உயர்வு வந்தது, கூடவே மாற்றலும். எந்த ஊர் வேண்டும் என்று இரண்டு ஊர் கொடுத்துக் கேட்டார்கள். போன மாதம் சாமான் ஏற்றிய வண்டி கிளம்பிப் போனது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால், நல்ல காற்றோட்டமான வீடாம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் பக்கமாம். ஷெட்யூல் வீட்டுக்கு நேர் மேல் மாடி.